கிணற்றுக்கு எதற்கு நீலக் கலர்?

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், இடிக்கிற தொகையை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு வைப்போம். தப்பு எங்கே என்று பிடிபடும்வரை அந்தக் கணக்கை மூடக் கூடாது. வாராக் கடன் அப்படி இல்லை. 'இனி வராது' என்று எழுதித் தள்ளிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

சமீபத்தில் ஓர் ஊருக்குப் போயிருந்தேன். ஆலைக் கழிவால் கிணறெல்லாம் பாழ். மனு கொடுத்தே களைத்துப்போன பெண்களுக்கு 'ஓவியம் வழியாக மன அமைதி' என்று பயிற்சி முகாம். ஓர் அம்மா கிணறு வரைந்து உள்ளே கறுப்பு அடித்திருந்தார். பயிற்சியாளர் குனிந்து பார்த்தார். ''பாசிட்டிவா வரையலாமேம்மா... தண்ணிக்கு நீலக் கலர் குடுங்க!''

''எங்க கிணத்துத் தண்ணி இந்தக் கலர்தாங்க'' என்றார் அந்த அம்மா.

ஓவிய சிகிச்சையே டுபாக்கூர் என்று நான் சொல்ல வரவில்லை. வாயில் வராத துக்கம் கை வழியாக வரும். அது நிஜம். ஆனால், அநியாயத்தை வாராக் கடனாக எழுதித் தள்ள அதைப் பயன்படுத்துகிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

சிலி நாட்டுக் கதையைக் கேளுங்கள். 1973 செப்டம்பர் 11. ராணுவத் தளபதி பினோசெட் ஆட்சியைப் பிடித்தார். பிடித்துச் செல்லப்பட்ட பலர் திரும்பவே இல்லை. கேட்டால், 'எங்களிடம் இல்லை' என்றது அரசு. இருக்கிறாரா, இல்லையா? பொட்டு வைப்பதா, அழிப்பதா? நிஜமான சஸ்பென்ஸ் அக்கவுன்ட்!

சிறை வாசலில் அலைந்த பெண்களை உட்காரவைத்து, 1974-ல் தலைநகர் சாண்டியாகோவில் தையல் பட்டறை தொடங்கியது மதத் தலைவர்களின் அமைதிக் குழு ஒன்று. அடுத்த வருடமே அந்தக் குழுவை மூடவைத்தார் பினோசெட். விடவில்லை கார்டினல் சில்வா ஹென்ரிகெஸ். 1976-ல் கத்தோலிக்கச் சபையின் பெயரிலேயே ஓர் அமைப்பைத் தொடங்கிப் பட்டறைகளைத் தொடர்ந்தார்.

சாக்குத் துணி மேல் ஒட்டுத் துணி. ஸ்பானிஷில் 'அர்பியேரா'. காணாமல்போன மகனின் சட்டையிலிருந்தே துணி வெட்டிய அம்மாக்கள் உண்டு. என்ன தைத்தார்கள்? பூவும் கிளியுமா? பூட்டிய ஆலை, தெருவில் பொதுச் சமையல், போலீஸ் வேன், 'எங்கே அவர்கள்?' என்று கேட்கிற பெண்கள். பின்னால் ஆண்டீஸ் மலை.

சேர்ந்து தைத்தார்கள், பேசினார்கள், அழுதார்கள். ஆறுதல் கிடைத்தது. துணிகள் வெளிநாட்டில் விற்றன. வீட்டில் அடுப்பு எரிந்தது. சிலியில் என்ன நடக்கிறது என்று உலகத்துக்கும் தெரிந்தது. 'நாட்டுக்கு அவதூறு' என்று அரசுத் தரப்பு கொதித்தது. பின்னே? அம்மாக்களின் மன அமைதிக்கு எந்த சர்வாதிகாரியும் பயப்பட மாட்டான். அவர்களுடைய சாட்சியத்துக்குத்தான் பயப்படுவான்!

ஊசி நூலால் மட்டும் ஆட்சி மாறிவிடவில்லை. 1988 பொது வாக்கெடுப்பில் தோற்றுத்தான் 1990-ல் பினோசெட் இறங்கினார். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேட அரசே தேசியத் திட்டம் அறிவித்தது 2023-ல். ஐம்பது வருடம் கழித்து! மொத்தம் 1,469 பேர். அதுவரை அடையாளம் தெரிந்தது 307 பேர். 'நடந்தது நடந்துபோச்சு' என்று அந்தப் பெண்கள் கணக்கை மூடியிருந்தால், மிச்சப் பேரை இன்று யார் தேடுவார்கள்?

உங்கள் ஊருக்கும் ஒருநாள் கலர் பென்சிலோடு யாராவது வரலாம். வரட்டும், வரவேற்று உட்காரவையுங்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ''நாங்க வரைஞ்சதை எங்கே கொண்டுபோவீங்க? கலெக்டர் ஆபீஸுக்கா, கம்பெனி காலண்டருக்கா?''

காலண்டருக்கு என்றால், பென்சிலை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பிவிடுங்கள். கறுப்பு நமக்கு நிறையத் தேவைப்படும்!