தணிந்தது தீர்ந்ததல்ல

திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு 'ஸ்ரீசித்ரா' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி அதைப் பற்றித்தான். நாகர்கோவில், வள்ளியூர், தென்காசி, தூத்துக்குடி என்று ஊர் மாறும்; "ஸ்ரீசித்ராவிலே காட்டணும், வந்தா ரெண்டு நாள் தங்க இடம் கிடைக்குமா?" என்ற கேள்வி மாறாது. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-இல் நன்கொடையாக அளித்த கட்டடத்தில் 1976-இல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கி, 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்தது அது. டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் காலத்தில் பூஜப்புரையில் உருவாகி, 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட இதய வால்வினால் அதன் பெயர் நாடெங்கும் பரவியது.

இதயம் அந்நிறுவனத்தின் ஒரு கண் என்றால் நரம்பியல் மற்றொரு கண். அந்த நரம்பியல் துறைக்குள் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நோய்க்குச் சிகிச்சையும் ஆராய்ச்சியும் சேர்த்துச் செய்யும் மருத்துவக் குழு ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தக் குழுவைப் பற்றியும், அதனிடம் போய்ச் சேராமலும், சேர்ந்தபின் பாதியில் விட்டுவிட்டும் நிற்கும் நம் குடும்பங்களைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நோய் செய்யும் சூது

நரம்பை ஒரு மின்கம்பியாக வைத்துக்கொண்டால், கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைப் போல் நரம்புக்கும் மயலின் என்ற கொழுப்புறை உண்டு. கிருமிகளோடு போராட வேண்டிய நமது நோய் எதிர்ப்பு சக்தியே வழிதவறி இந்த உறையை அரிக்கத் தொடங்குவதுதான் இந்த நோய். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். ஆனால் அது தண்டுவடத்தோடு நில்லாமல் மூளையையும் கண் நரம்பையும் தொடும். 1868-இல் பாரிஸில் ஷார்க்கோ என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக வகுத்துச் சொன்னார். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் நடுவில் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். உலகெங்கும் 28 லட்சம் பேருக்கு மேல் இந்நோய் இருப்பதாகக் கணக்கு.

ஒரு கண்ணில் பார்வை மங்கும். கண்ணை அசைத்தால் வலிக்கும். சிவப்புப் புடவை வெளுத்துத் தெரியும். வேறொருவருக்கு இடுப்புக்குக் கீழே மதமதப்பு; தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஓர் அதிர்ச்சி. பிறகு, சில வாரங்களில், பலருக்கு அது தானாகவே தணிந்துவிடும். இந்தத் தணிவுதான் நோயின் பெரிய சூது.

கண் மங்கியபோது கண் டாக்டரிடம் போகிறோம். ஒன்றரை வருஷம் கழித்துக் கால் மரத்தபோது எலும்பு டாக்டரிடம் போகிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. முதல் டாக்டரின் சீட்டு இரண்டாமவர் கைக்குப் போவதுமில்லை. தணிந்த வேளையில் யாரிடம் போயிருந்தோமோ அவருக்கே புகழ் போய்ச் சேரும். தைலம் தேய்த்தவர் கைராசிக்காரர் ஆகிறார். நான் தைலத்தையும் நேர்த்திக்கடனையும் குறை சொல்லவில்லை; நம்பிக்கை மனசுக்குப் பலம். ஆனால் வெளியே தணிந்திருக்கும் காலத்திலும் உள்ளே புதிய தழும்புகள் விழுவதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டுகிறது. ஒவ்வொரு தாக்குதலும் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது. மிச்சங்கள் சேர்ந்தால் ஒரு நாள் கைத்தடி, பிறகு சக்கர நாற்காலி.

இன்னொரு குழப்பமும் நம் சீதோஷ்ணத்தில் உண்டு. உடம்பு சூடேறினால் பழைய அறிகுறிகள் சற்று நேரம் தலைகாட்டும். 1890-இல் ஊதோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் கண்டது இது. ஸ்கேன் இல்லாத காலத்தில் நோயாளியை வெந்நீரில் உட்கார வைத்தே சோதித்தார்களாம். சித்திரை வெயிலிலோ, காய்ச்சலிலோ, எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்த பிறகோ கண் மங்கினால், குளிர்ந்ததும் சரியாகிவிடும். இது புதிய தாக்குதல் ஆகாது. எது தாக்குதல், எது வெறும் சூடு என்று பிரித்துச் சொல்ல, அந்த நோயாளியைத் தொடர்ந்து பார்த்து வருபவர் வேண்டும்.

குழு எதற்கு?

கண், கால், சிறுநீர்ப்பை, பேச்சு, மனச்சோர்வு, தீராத களைப்பு என்று இத்தனை இடத்தில் தொல்லை கொடுக்கும் நோயைத் தனி ஒரு டாக்டர் கட்டி மேய்க்க முடியாது. நரம்பியல் மருத்துவர், ஸ்கேன் படங்களை நுட்பமாகப் படிப்பவர், ரத்தத்தையும் தண்டுவட நீரையும் சோதிக்கும் ஆய்வகம், கண் மருத்துவர், உடற்பயிற்சி சொல்லித் தருபவர், மனநல ஆலோசகர், செவிலியர் ஆகியோர் ஒரே கோப்பைப் பார்த்துப் பேச வேண்டும்.

இதிலே உயிர்நாடியான விஷயம், நோயைச் சரியாக அடையாளம் காண்பது. எம்.எஸ். மாதிரியே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோய் உண்டு. அதை ரத்தத்தில் கண்டுபிடிக்க உதவும் எதிர்ப்பொருளை 2004-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் இந்த நோயாளிக்குக் கெடுதல் செய்யும். பெயர் மாறினால் மருந்தே விஷமாகலாம். தெரிந்த கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிக்கொள்ளும் நம் பழக்கம் இங்கே எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

ஆராய்ச்சி என்றால் பயமா?

'ஆராய்ச்சி' என்றதும் "நம்ம பிள்ளையை வெச்சுச் சோதனை பண்ணுவாங்களோ?" என்ற கலக்கம் நம்மவர்க்கு. புது மருந்துச் சோதனை என்றால் கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் யாரையும் சேர்க்க முடியாது. அதோடு, ஆராய்ச்சியில் பெரும்பகுதி மிகச் சாதாரணமான வேலை: யாருக்கு எந்த வயதில் வந்தது, எந்த மருந்தில் எத்தனை வருஷம் தாக்குதல் இல்லாமல் இருந்தார் என்று பொறுமையாக எழுதி வைப்பது.

அந்தப் பொறுமையின் பலனை 2022-இல் உலகம் பார்த்தது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய 1 கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய இருபதாண்டுப் பதிவுகளையும், சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளையும் அலசி, எப்ஸ்டீன்-பார் என்ற சர்வசாதாரண வைரஸ் தொற்றுக்குப் பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அத்தொற்று நம்மில் பெரும்பாலோருக்கு வந்து போனதுதான். வந்தவர்களில் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது. அது ஏன் என்பதே அடுத்த கேள்வி.

இந்தியாவில் இந்நோய் அபூர்வம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் குழுவினர் கணக்கெடுத்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், லட்சத்துக்கு 8 பேருக்கு மேல் என்று தெரிந்தது. ஸ்கேன் வசதி பெருகப் பெருக, மறைந்திருந்தவர்கள் வெளியே தெரிகிறார்கள். 2021-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்நோய்க்குத் தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. ஆனால் நோயாளி இரண்டு தடவை வந்துவிட்டு மூன்றாம் தடவை வராமல் போனால் எந்தப் பதிவேட்டிலும் ஒரு பக்கம் காலியாகவே கிடக்கும். வெள்ளைக்காரர் உடம்பில் பார்த்த கணக்கை வைத்து நம் பெண்ணுக்கு வைத்தியம் செய்ய வேண்டியிருக்கும். நாம் திரும்பத் திரும்பப் போவது நமக்கும் நல்லது. பின்னால் வரப்போகும் நம்மவர்க்கும் நல்லது.

கல்யாணம் என்ற பூட்டு

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். நோய் வருவது 25 வயதுப் பெண்ணுக்கு. வீட்டில் ஜாதகம் வெளியே போயிருக்கிறது. "ஆஸ்பத்திரிப் பக்கம் யார் கண்ணிலாவது பட்டுடப் போறே" என்று மருந்தையே நிறுத்தும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. சொல்லாமல் கல்யாணம் செய்துவைத்து, முதல் பிரசவத்துக்குப் பின் கால் விழும்போது "ஏமாத்திட்டீங்க" என்ற பேச்சு. அந்தப் பேச்சின் பாரம் முழுவதும் அந்தப் பெண் தலையில்.

உண்மை என்னவென்றால், எம்.எஸ். உள்ள பெண்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். ஐரோப்பாவில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல் குறைவதும், பிரசவத்துக்குப் பிந்திய மூன்று மாதங்களில் கூடுவதும் தெரியவந்தது. சில மருந்துகளைக் கருத்தரிக்கும் முன்பே நிறுத்த வேண்டும். ஆகவே திட்டமிட வேண்டும். திட்டமிட வேண்டுமானால் கணவனுக்கும் மாமியாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சம்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுங்கள் என்பது என் கருத்து. நாலு வரன் தட்டிப்போகும். ஒப்புக்கொண்டு வரும் ஐந்தாவது வரன்தான் வரன்.

செலவும் சட்டமும்

விலை அதிகம் என்ற பயம் நியாயமானது. 1993-இல் அமெரிக்காவில் முதல் இன்டர்ஃபெரான் ஊசிக்கு அனுமதி கிடைத்ததிலிருந்து மருந்துகள் பெருகின, விலையும் ஏறியது. ஆனால் வழி அடைந்துவிடவில்லை. ரிடுக்ஸிமாப் என்ற மருந்தின் இந்தியத் தயாரிப்பு 2007-இலேயே ஹைதராபாதிலிருந்து வந்துவிட்டது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்காகச் சேர்த்த மூன்று மருந்துகளில் அதுவும் ஒன்று. யாருக்கு எது பொருந்தும் என்பதைக் குழுதான் சொல்ல வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அங்கீகரிக்கும் 21 வகைகளில் இந்நோயும் ஒன்று என்பதை நினைவில் வையுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால் சான்றிதழ் பெற்று, உயர்படிப்பில் ஒதுக்கீடு கேட்கலாம். 1985-இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் சங்கமும் இருக்கிறது.

நம் பங்கு

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து பணிவிடை செய்பவர். முதல் மூன்றும் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கின்றன. நான்காமவர் இடம்தான் பல சமயம் காலி. அந்த இடம் நம் சங்கத்துக்கு உரியது.

நாம் 'மதமதப்பு' என்பதை மலையாளத்தில் 'தரிப்பு' என்பார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வரும் அம்மாவுக்கு அது தெரியாது. கை ஜாடை காட்டிவிட்டுப் பாதியைச் சொல்லாமலே வந்துவிடுவார். சிறுநீர் அடங்கவில்லை என்பதை ஓர் ஆண் மொழிபெயர்ப்பாளரிடம் எந்தப் பெண் சொல்வாள்? ஆகவே முதல் வேலையாக, இரு மொழியும் தெரிந்த பத்துப் பெண்களின் பட்டியல் ஒன்றைச் சங்கம் தயாரிக்க வேண்டும். தங்க இடம் தரக்கூடிய வீடுகளின் பட்டியல் இரண்டாவது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கோப்பு வாங்கிக் கொடுத்து, தாக்குதல் வந்த தேதி, ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் வரிசையாக வைக்கச் சொல்லித் தருவது மூன்றாவது. நான்காவதாக, மே 30 உலக எம்.எஸ். தினம், அன்று அந்தக் குழுவிலிருந்து ஒரு மருத்துவரை அழைத்து நம் அரங்கில் பேசச் செய்யலாம். பொங்கல் விழாவுக்கு நாம் செலவிடுவதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

அடுத்த தடவை ஊரிலிருந்து அழைத்து, "இப்ப நல்லாத்தான் இருக்கா, எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்?" என்று யாராவது கேட்டால், "நல்லா இருக்கும்போதுதான் வரணும், அப்பதான் காப்பாத்திக்கலாம்" என்று சொல்லுங்கள். கூடவே, தம்பானூர் ஸ்டேஷனுக்கு நீங்களே வந்து கூட்டிப்போவதாகவும் சொல்லுங்கள்.