எஞ்சின் விடும் மூச்சு

கோடை விடுமுறை வருகிறதென்றால் நம் சங்கத்துக் குடும்பங்களில் பல, ரயிலில் இடம் கிட்டாமல் சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்படுகின்றன. புனேயிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். அத்தகைய நெடும் பயணத்துக்கு முன் வண்டியைப் பட்டறையில் காட்டிவரச் சென்ற அன்பர் சிலர், “டர்போ போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும்” என்னும் தீர்ப்போடு திரும்பி வந்து நம் யோசனையைக் கேட்டிருக்கின்றனர். எல்லோரும் எழுதிய அடையாளம் ஒன்றே: டர்போவை ஒட்டிய குழாயில் எண்ணெய்ப் பசை. அந்த ஓர் அடையாளத்தை மட்டும் சான்றாகக் கொண்டு டர்போவைத் தண்டிப்பது முறையன்று என்பது நம் கருத்து. பல வண்டிகளில் உண்மைக் குற்றவாளி, அதற்குச் சற்று மேலே வெடித்துக் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயே. பட்டறைக்காரர் அதனைப் பிரீதர் என்பர். இந்தியா முழுவதும் இப்பெயர் செல்லும்.

எஞ்சினுக்கு மூச்சு எதற்கு என்று கேட்கலாம். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் எவ்வளவு இறுக்கமாய் இருப்பினும், சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி அவற்றின் ஓரமாய் நழுவி, கீழே எண்ணெய் நிற்கும் அறைக்குள் இறங்கியே தீரும். அங்கே சுழலும் தண்டு எண்ணெயைப் பனித்துளி போல் தெறிக்க, இரண்டும் கலந்து ஒரு புகையாகின்றன. வெளியேற வழியில்லையேல் அப்புகை அழுத்தம் பெற்று, எஞ்சினின் மூட்டுகள் வழியே எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். பழைய நாளில் ஒரு குழாயை அடியில் தொங்கவிட்டு, புகையைச் சாலையிலேயே விட்டுவிட்டார்கள். நகரங்களில் காற்று கெடுவது கண்டு, 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இவ்வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க முன்வந்தது. அதன்பின் அப்புகையை எஞ்சினே மீண்டும் உள்ளிழுத்து எரித்துவிடும் ஏற்பாடு படிப்படியாக எங்கும் பரவிற்று. இடையில் ஒரு சிறு பெட்டி. அதனுள் உள்ள தடுப்புகளில் மோதி எண்ணெய் வடிந்து கீழே திரும்பும். எஞ்சிய வாயு ரப்பர்க் குழாய் வழியாக டர்போவின் வாய்க்குச் செல்லும். பெட்டி, அதன் மூக்கு, குழாய் ஆகிய இவையே பிரீதர்த் தொகுதி.

டர்போ என்பது ஆடம்பர வண்டிக்கு உரியது என்றிருந்த காலம் போயிற்று. ஆல்பிரட் புக்கி என்னும் ஸ்விட்சர்லாந்து எஞ்சினீயர் 1905-இல் உரிமம் பெற்ற அக்கருவி, 2007-இல் மாருதி ஸ்விஃப்டின் டீசல் வண்டியோடு நம் நடுத்தரக் குடும்பங்களின் வாயிலுக்கே வந்தது. ஃபியட் வகுத்த அந்த 1,248 சி.சி. எஞ்சின், டிசையர், இண்டிகா விஸ்டா முதலியவற்றிலும் இடம்பெற்றது. மாருதி 2020-இல் டீசல் வண்டிகளை அறவே நிறுத்திவிட்டது. ஆகவே நம் அன்பர்களிடம் இருக்கும் அவ்வகை மாருதி வண்டி எதுவும் இன்று இளமையானதன்று. இரும்பு தாங்கும், பிளாஸ்டிக் தாங்காது. ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் எண்ணெயிலும் வெந்த பிளாஸ்டிக், அப்பளம் போல் நொறுங்கும் பதத்தை அடைந்துவிடுகிறது. ஏர் ஃபில்டரை மாற்றும் சிறுவன் குழாயைச் சற்று வேகமாக இழுத்தாலே போதும், மூக்கு கையோடு வந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனமாகப் பிரித்தறிய வேண்டும். வெடிப்பு வேறு, அடைப்பு வேறு. வெடிப்பு கண்ணுக்குத் தெரியும், அடைப்பு தெரியாது. ஆனால் வெடிப்புக்கு மூப்பு மட்டுமன்றி அடைப்பும் காரணமாயிருத்தல் கூடும். தில்லி, சண்டிகர் போன்ற இடங்களில் குளிர்காலத்தில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவர மட்டுமே வண்டியை எடுப்போர் உண்டு. எஞ்சின் நன்கு சூடேறுமுன் நின்றுவிடுவதால், உள்ளே நீராவி குளிர்ந்து எண்ணெயோடு கலந்து வெண்ணெய் போல் திரண்டு பெட்டியில் படிகிறது. எண்ணெயைக் காலத்தில் மாற்றாத வண்டியிலோ கரிய சேறு படியும். வழி அடைபட்டு அழுத்தம் ஏறும்போது, நொறுங்கும் பதத்திலுள்ள பிளாஸ்டிக் முதலில் வெடிக்கிறது. அந்த வெடிப்பு ஒருவகையில் உயிர் காத்த துளை. அடைப்பை அப்படியே விட்டு வெடிப்பை மட்டும் நேர்த்தியாக ஒட்டிவிட்டால், எஞ்சினின் மூச்சை நாமே பிடித்தவர் ஆவோம்.

அப்போது டர்போவுக்கு நேர்வது என்ன? நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கும் மேல் சுழலும் அதன் தண்டு எண்ணெயில் மிதந்தே சுழல்கிறது. அவ்வெண்ணெய் கீழே திரும்புவது தன் எடையால் மட்டுமே. தள்ளிவிட அங்கே பம்பு கிடையாது. கீழறையில் அழுத்தம் மிகுந்தால் எண்ணெய் இறங்க மறுத்து, தண்டின் ஓரமாய்க் காற்றுக் குழாயில் கசியும். பட்டறையில் இதைக் கண்டு டர்போவை மாற்றுவார்கள். அடைப்பு நீங்காததால் புதிய டர்போவும் அவ்வாறே கசியும். இவ்வளவு பணத்தையும் இழந்து குறை மட்டும் மாறாதிருப்பது கொடுமையல்லவா?

நிற்க. வண்டியைக் காட்டச் செல்லுமுன் வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். சிக்னலில் நிற்கையில் உள்ளே எரிந்த எண்ணெய் வாடை வருகிறதா? பிரீதர்க் குழாயின் அடிப்புறத்தில் ஈரமும் அதன்மேல் தூசியும் அப்பியிருக்கின்றனவா? எஞ்சின் மெதுவாய் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் துணியால் பிடித்துத் தளர்த்திப் பாருங்கள். இலேசாகப் புகை வருவது இயல்பு; மூடி துள்ளிக் குதிக்குமாயின் அடைப்போ வளையத் தேய்வோ இருக்கிறது. டர்போவைச் சோதிக்க, எஞ்சின் நன்கு ஆறியபின் காற்றுக் குழாயைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் அசைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் சற்றே ஆடுவது குற்றமன்று. முன்னும் பின்னும் நகர்ந்தாலும், இறக்கை சுவரில் உரசியிருந்தாலும் டர்போ கெட்டதென்று ஒப்புக்கொள்ளலாம். குழாயினுள் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருப்பது எதையும் மெய்ப்பிக்காது. பிரீதர் வாயு அவ்வழியே செல்வதால் அது எப்போதும் இருக்கும்.

இனி, பழுது பார்க்கும் முறை. புதிய பெட்டி கிடைக்குமாயின் அதனை வாங்குவதே மேல். மாயாபுரியிலும் மல்லிக் பஜாரிலும் புதுப்பேட்டையிலும் பழைய வண்டிகளிலிருந்து கழற்றியவை கிடைக்கும் என்பார்கள். அவையும் அதே ஆண்டுகள் வெந்தவை என்பதை மறக்கலாகாது. பழையதை ஒட்டித்தான் ஆகவேண்டுமெனில், முதலில் அதன்மேல் பொறித்திருக்கும் ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். பி.ஏ. என்றிருந்தால் நைலான், ஒட்டுக்கு ஓரளவு இசையும். பி.பி. என்றிருந்தால் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. சூடான கம்பியால் அதே பிளாஸ்டிக்கை உருக்கிப் பற்றவைக்க வேண்டும்.

கழற்றியவுடன் எஞ்சினிலும் டர்போ வாயிலும் திறந்த துளைகளைத் தூய துணியால் அடைத்துவிடுங்கள். உதிர்ந்த துண்டுகளை ஒன்றுகூட விடாமல் பொறுக்கிச் சேர்த்துப் பொருத்திப் பாருங்கள். ஒரு சில்லு குறைந்தாலும், அது எங்கே போயிற்று என்று தெரியும்வரை எஞ்சினை ஓட்டலாகாது. பெட்டியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சேறு முழுதும் கரையக் கழுவி, பின் சோப்பு நீரில் அலசி, ஒரு நாள் உலர விடவேண்டும். வெடிப்பின் இரு முனையிலும் 2 மில்லிமீட்டர் துளை இட்டால் அது மேலும் ஓடாது. ஓரங்களை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரு குழாய்களிலிருந்து கலந்து பூசும் எபாக்ஸிப் பசையில் கண்ணாடி நார்த் துணியைத் தோய்த்து வெளிப்புறம் சுற்றுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். மூக்கே முறிந்திருந்தால் உள்ளே ஒரு பித்தளைக் குழல் செருகி ஒட்டலாம். ஆனால் வழி குறுகக் கூடாது. குழல் கழன்று டர்போவுக்குள் போகாதபடி வெளியே கிளிப்பும் வேண்டும். நொடியில் ஒட்டும் பசை சூட்டில் உடையும். உட்புறம் சிலிக்கோன் பூசுவதோ பெருந்தவறு. அது பிய்ந்து எண்ணெய் வழியை அடைக்கும். பெட்ரோல் டர்போ வண்டியாயின் ஒருவழி வால்வு ஒன்று இருக்கும். அது ஒருபுறம் மட்டுமே காற்றை விடுகிறதா என்றும் பாருங்கள்.

குழாயை மாற்றும்போது தண்ணீர்க் குழாய் ரப்பரைப் போட்டுவிடுவது பட்டறைகளில் சகஜம். எண்ணெய் பட்டால் அது ஊதிப்போய் நொய்ந்துவிடும். நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். வடநாட்டில் ஜுகாட் என்னும் கலையில் வல்லவர் பலர் உளர். அவர்களில் சிலர் குழாயைப் பிடுங்கிக் கீழே தொங்கவிட்டு, “போய் வாருங்கள்” என்பர். சூடான புகைபோக்கியில் எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கும். இந்த யோசனையை ஏற்கவே வேண்டாம்.

டீசல் வண்டி உடையோர் இன்னொன்றும் அறிந்திருத்தல் நலம். எண்ணெய் மிகுதியாய் உறிஞ்சப்பட்டால், எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு தானாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் மாற்றும் வண்டியாயின் பிரேக்கை அழுத்தி மிதித்து, உச்ச கியரில் போட்டு, கிளட்சை விட்டுவிடுங்கள்; எஞ்சின் திணறி நிற்கும். நிற்காவிடில் குழந்தைகளோடு இறங்கி விலகிவிடுங்கள். காற்றுக் குழாயில் கையை வைக்காதீர்கள்.

பழுது பார்த்தபின் டர்போக் குழாய்களின் வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்திவிட்டே புறப்படுங்கள். 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, எண்ணெய் அளவுகோலையும் ஒட்டிய இடத்தையும் ஒரு வெள்ளைத் துணியால் தொட்டுப் பார்த்தால், புதிய கசிவு உண்டா என்பது அப்போதைக்கப்போதே தெரிந்துவிடும்.