பால் தானம்: மாமியாரிடமும் பேசுங்கள்



தாய்ப்பால் தானம் தர இளம் தாய்மார் முன்வருவதில்லை என்று குறைப்படுகிறார்கள். பச்சிளங்குழந்தை வார்டில் செவிலியராக இருந்தவள் சொல்கிறேன்: மறுப்பு பெரும்பாலும் கட்டிலிலிருந்து வராது, பக்கத்தில் பிளாஸ்க்கோடு நிற்கும் மாமியாரிடமிருந்துதான் வரும். “நம்ம புள்ளைக்குப் பத்தாமப் போயிடும், கண்ணு பட்டுடும்.” அதே மருமகள் பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் பீய்ச்சி, வாஷ்பேசினில் ஊற்றுவாள்! இறைக்கிற கிணறுதானே ஊறும்?

பெற்றுக்கொள்ளும் வீட்டாருக்கு வேறு பயம், நோய் ஒட்டுமோ என்று. கொடுப்பவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் சோதனை உண்டு. பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, குளிர்வித்து, உறையவைத்தே சேமிக்கிறார்கள். மும்பை சயான் மருத்துவமனையில் இப்படியொரு தாய்ப்பால் வங்கி 1989-லிருந்தே நடக்கிறது. தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது 2014-ல்.

ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தை முதல் நாட்களில் ஒரு வேளைக்குச் சில மில்லிதான் குடிக்கும், அதுவும் குழாய் வழியாக. வீணாகும் ஒரு பாலாடைப் பால் அதற்குப் பல வேளைச் சாப்பாடு.

பிரசவம் முடிந்த களைப்பில் இருப்பவளிடம் படிவத்தை நீட்டாமல், ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போதே கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்துப் பேசும்படி சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை