மிலிட்டரி லாரி வாங்கலாமா? நகையை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

உழவர் கேள்வி, அலுவலர் பதில்

கேள்வி: "ஐயா, வணக்கம். எங்களுக்கு இரண்டரை காணி நிலம் இருக்கிறது. நெல்லும் கரும்பும் போடுகிறோம். மகனுக்கு 24 வயது, ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான். கடலூர் பக்கம் ஒருவரிடம் இராணுவத்தில் ஓடிய பழைய நிஸான் லாரி விலைக்கு வந்திருக்கிறது. டீசல் இன்ஜின் மாற்றியிருக்கிறார்களாம். இரண்டே முக்கால் லட்சம் சொல்கிறார்கள். நம் நெல்லையும் ஏற்றலாம், வாடகைக்கும் ஓட்டலாம், நடவு ஆட்களையும் கூட்டி வரலாம் என்கிறான். என் நகையை வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும். 'மிலிட்டரி வண்டிக்குச் சாவே கிடையாது' என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?"
- ஒரு வாசகி, பாகூர் கொம்யூன்.

பதில்: அம்மா, பயிருக்கு வரும் நோயைப் பற்றிக் கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். லாரியைப் பற்றி ஏன் என்னிடம் கேட்கிறீர்கள் என்று முதலில் யோசித்தேன். ஆனால் இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்தே படித்திருக்கிறேன்.

இருபது வருடத்துக்கு முன் என் மைத்துனரும் நானும் சேர்ந்து ஒரு பழைய இராணுவ ஜீப் வாங்கினோம். பெயிண்ட் பளபளத்தது, இன்ஜின் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. கையில் இருந்தது ஒரு ஏல ரசீதின் ஜெராக்ஸ் மட்டும். பதிவுக்குப் போனபோதுதான் அந்த வண்டி 'ஸ்கிராப்' என்று விற்கப்பட்ட லாட்டில் இருந்தது தெரிந்தது. கழிவு இரும்பாக விற்றதைத் திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவர முடியாது. உப்பளத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் அது நான்கு வருடம் நின்றது. பெயரிலேயே உப்பு இருக்கும் ஊர். கடல் காற்று தகரத்தைத் தின்றே தீர்த்தது. கடைசியில் கிலோ கணக்கில்தான் போட்டோம். மைத்துனர் அந்த வருடம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கினார். இன்றும் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

அதனால் உங்கள் கேள்விக்கு முழுசாகவே பதில் சொல்கிறேன்.

இவை என்ன வண்டிகள்?

நம் ஊரில் 'மிலிட்டரி வண்டி' என்று விலைக்கு வருபவை பெரும்பாலும் மத்தியப் பிரதேசம் ஜபல்பூரில் உள்ள இராணுவத் தொழிற்சாலைகளில் செய்தவை. ஜெர்மனியின் மேன் கம்பெனி உரிமத்தில் 1959-ல் தொடங்கிய சக்திமான் லாரி ஒன்று. ஜப்பானின் நிஸான் உரிமத்தில் வந்த ஒன் டன் லாரியும் ஜோங்கா ஜீப்பும் அடுத்தது. இவை எல்லாமே 1990-களோடு நின்றுவிட்டன. அதாவது எவ்வளவு புதியதாக இருந்தாலும் உங்கள் மகன் பார்த்த வண்டிக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

நான்கு சக்கரமும் இழுக்கும், சேஸிஸ் கனமானது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நிஸானும் ஜோங்காவும் பிறந்தது பெட்ரோல் இன்ஜினோடு. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் வர சுமார் 40 கிலோமீட்டர். பெட்ரோல் 100 ரூபாய் என்றால் ஒரு நடைக்கே 1,000 ரூபாய். அதனால்தான் வாங்குபவர்கள் டீசல் இன்ஜினைப் பொருத்திவிடுகிறார்கள். உங்கள் வண்டியின் முதல் சிக்கலும் அங்கேதான்.

முதலில் காகிதம், பிறகுதான் வண்டி

1. பதிவுச் சான்று: ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். விற்பவர் பெயரில் இல்லாமல் நடுவில் இரண்டு கை மாறியிருந்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பரிவாஹன் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு எஃப்.சி., இன்ஷூரன்ஸ், வரி எதுவரை இருக்கிறது என்று உங்கள் மகனே பார்த்துவிடலாம்.

2. இதுவரை பதிவே ஆகாத வண்டி என்றால்: இராணுவத்தில் இருந்தபோது அதற்கு வேறு மாதிரி எண் இருக்கும். மேல்நோக்கிய அம்புக்குறி, பக்கத்தில் வாங்கிய ஆண்டின் இரண்டு இலக்கம், பிறகு எழுத்தும் எண்ணும். அந்த எண்ணோடு பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 47-ன்படி, முன்னாள் இராணுவ வண்டியைப் பதிவு செய்ய உரிய அதிகாரி கொடுத்த அசல் விற்பனைச் சான்று, படிவம் 21-ல் வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது. ஏலத்தில் 'ஸ்கிராப்' என்று போன லாட்டா, வண்டியாகப் போன லாட்டா என்பதையும் ஏலக் காகிதத்தில் படித்துப் பாருங்கள். இப்போது அரசு ஏலங்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணையதளம் வழியாக நடக்கின்றன. லாட் விவரம் அதில் தெளிவாக இருக்கும். 15 வயது தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பது 2023 ஏப்ரல் 1 முதல் நின்றுவிட்டதால், கழிவாகப் போகும் வண்டிகள் இப்போது அதிகம். கவனம் தேவை.

3. எண் பொருத்தம்: சேஸிஸ் எண் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எண் பதிந்துவிடும். இன்ஜின் எண்ணையும் அப்படியே எடுங்கள். இரண்டும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் உள்ள இடத்தில் வெல்டிங், அரைத்த தடம், அங்கே மட்டும் புது பெயிண்ட் இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பி வாருங்கள்.

4. மாற்றிய இன்ஜின்: ஆர்.சி.யில் 'பெட்ரோல்' என்று இருந்து வண்டியில் டீசல் இன்ஜின் இருந்தால் அது சட்டப்படி வேறு வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இதைத் தடுக்கிறது. கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் மட்டும் மேலே பேசலாம்.

5. எல்லை தாண்டும் வண்டி: கடலூர் வண்டி தமிழ்நாட்டுப் பதிவாக இருக்கும். நமக்கு அது வேறு மாநிலம். படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்ற படிவம் 29, 30, கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35, எல்லாம் கையில் வந்த பிறகே முழுப் பணம். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் என்றால் சரக்கு பெர்மிட்டும் வேண்டும். கடலூர் மார்க்கெட்டுக்கு ஓட்டுவதானால் அந்தப் பெர்மிட் தமிழ்நாட்டிலும் செல்ல வேண்டும். 8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும். மொத்த எடை 7,500 கிலோ தாண்டினால் கனரக லைசென்ஸ் வேண்டும்.

6. 'வின்டேஜ்' பேச்சு: 50 வயதான வண்டிக்கு வின்டேஜ் பதிவு வாங்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். 2021-ல் வந்த அந்த விதி கண்காட்சிக்கும் ஆசைக்கும் வைத்திருப்பவர்களுக்கானது. வாடகைக்கோ தினசரி வேலைக்கோ அந்தப் பதிவில் ஓட்டக் கூடாது.

7. நிறம்: இராணுவத்தின் ஆலிவ் பச்சை நிறத்தை மற்றவர்கள் வண்டியில் அடிக்கக் கூடாது என்று விதி 121 சொல்கிறது. பச்சையாகவே நிற்கும் வண்டி முறையாகப் பதிவாகி ஓடியதா என்று சந்தேகப்படுங்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியவை

தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு காலையில் போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும்.

புகை: நீலப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை டீசல் சரியாக எரியாததைக் காட்டும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால், ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது.

சேஸிஸ்: சின்னச் சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால், குத்தினால் உள்ளே போனால், துரு தின்றுவிட்டது. நம் கடலோரத்தில் நின்ற வண்டியை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

ரப்பர்: இராணுவ வண்டிகள் ஓடியதை விட நின்ற நாள் அதிகமாக இருக்கலாம். கிலோமீட்டர் குறைவு என்று மயங்க வேண்டாம். நின்ற வண்டியில் ஹோஸ், ஆயில் சீல், பிரேக் ரப்பர் எல்லாம் வெடித்திருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான்.

சக்கரம்: சில இராணுவ லாரிகளில் ரிம் இரண்டு துண்டாகவோ, வளையம் போட்டோ இருக்கும். காற்று இருக்கும்போது அதன் போல்ட்டைக் கழற்றினால் வளையம் குண்டு போலத் தெறிக்கும், உயிரே போய்விடும். மகன் கைவேலை தெரிந்தவர் என்பதால் இதை முக்கியமாகச் சொல்கிறேன். காற்றை முழுதும் இறக்காமல் தொடவே கூடாது.

பிரேக், நான்கு சக்கர இழுவை: பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்தியே வைத்திருங்கள். பெடல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. முன் சக்கர இழுவையை மண் தரையில் போட்டுப் பாருங்கள், தார் ரோட்டில் வேண்டாம். லிவர் விழுகிறதா என்பதோடு முன் சக்கரம் உண்மையில் இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

உதிரிபாகம்: வாங்கும் முன்பே மெக்கானிக்கிடம் கேளுங்கள்: கிளட்ச் பிளேட், வீல் சிலிண்டர், முன் ஆக்சில் பாகம் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும்? அறுவடைக் காலத்தில் பத்து நாள் நின்றால் அந்த வருட வாடகை போச்சு.

இரண்டு விஷயம், என் துறை சார்ந்து

கனமான லாரியை ஈரம் காயாத வயலில் இறக்கவே கூடாது. 'எங்கேயும் போகும்' என்பதுதான் அதன் ஆபத்து. சக்கரம் போன தடத்தில் மண் இறுகி, நீரும் வேரும் இறங்காது. கரும்பு வெட்டிய வயலில் அந்தத் தடத்தில் கட்டைக் கரும்பு கிளைக்காது. வண்டி வரப்போரம் நிற்கட்டும்.

நடவுப் பெண்களைச் சரக்கு லாரியில் ஏற்றவே வேண்டாம். அது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். இழப்பீடு கடைசியில் உங்கள் நிலத்தின் மேல் வந்து நிற்கும். அதைவிட, வண்டியில் இருப்பவர்கள் உங்கள் தெருக்காரர்கள்.

கணக்கு

2,75,000 ரூபாய்க்கு மாதம் ஒரு வட்டி என்றாலே மாதம் 2,750, வருடம் 33,000 ரூபாய். அதோடு எஃப்.சி., இன்ஷூரன்ஸ், வரி, டயர், ரிப்பேர். உங்கள் இரண்டரை காணி விளைச்சலை ஏற்ற வருடத்தில் எத்தனை நடை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வாடகைக்குக் கூப்பிடுவோம் என்று சொல்கிறவர்களின் பெயரை மகனையே எழுதச் சொல்லுங்கள். பட்டியல் சின்னதாக இருந்தால் சின்ன சரக்கு வண்டியை வாடகைக்கு எடுப்பதே லாபம்.

என் முடிவு: ஆர்.சி.யில் டீசல் என்று ஏறாத வரை இந்த நிஸானை வாங்க வேண்டாம். ஏறியிருந்து, எண்கள் பொருந்தி, மெக்கானிக்கும் சரி என்று சொன்னால், அப்போது விலை பேசுங்கள். "நாளைக்கு வேறு பார்ட்டி வருது" என்பார் புரோக்கர். வரட்டும். என் மைத்துனரிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

மகன் மேல் கோபப்படாதீர்கள். ஊரிலேயே இருந்து பிழைக்க வழி தேடுகிற பிள்ளை. இந்தப் பக்கத்தை அவரிடமே கொடுத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வரச் சொல்லுங்கள். அதுவரை நகை பீரோவிலேயே இருக்கட்டும். என்ன முடிவெடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். மற்ற வாசகர்களுக்கும் உதவும்.