சில்லை மாத்தச் சொன்னா உடனே மாத்திடாதேங்கோ

போன மாரிக்கு எங்கட ஒழுங்கையில முழங்காலளவு வெள்ளம். தண்ணிக்குக் கீழ மதகின்ர ஓரம் உடைஞ்சு கிடந்தது தெரியேல்ல. முன்சில்லு அதுக்குள்ள இறங்க, நான் ஹாண்டிலுக்கு மேலால போய் விழுந்தன். எனக்குக் கையில உரசல் மட்டும்தான். சைக்கிளைத் தூக்கிப் பாத்தா, முன்சில்லு பொரிச்ச அப்பளம் மாதிரி நெளிஞ்சு நிக்குது.

அண்ணா கொழும்புக்கு வேலைக்குப் போகேக்க எனக்கு விட்டிட்டுப் போன 26 இஞ்சி மவுண்டன் சைக்கிள் அது. எங்கட பக்கத்தால பஸ் காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. சில்லு இல்லாட்டி எனக்குக் கம்பஸ் இல்லை.

முதல் போன கடையில அரை நிமிசம்கூடப் பாக்கேல்ல. "தங்கச்சி, இது சரிவராது, முழுச்சில்லையும் மாத்துங்கோ" எண்டார். சொன்ன விலையில என்ர அந்த மாச மகாபொல முழுக்கக் கரைஞ்சுது. ஒண்டும் பேசாமல் குடுத்தன். பழைய சில்லை அங்கயே விட்டிட்டும் வந்தன். அதுதான் நான் செய்த பெரிய மடத்தனம்.

ஒரு மாசம் போகேல்ல, புதுச்சில்லும் ஆடத் தொடங்கீட்டுது. ஒவ்வொரு சுத்துக்கும் பிறேக் கட்டையில 'சர்ர்' எண்டு உரசும். விலை குறைஞ்ச சில்லுகளில கம்பிகளின்ர இறுக்கம் ஒரே சீராய் இருக்கிறது குறைவு. கொஞ்ச நாள் ஓட, கம்பிகள் தங்கட இடத்தில இருந்து இளகும், றிம் ஒரு பக்கம் சாயும். புதுச்சில்லையும் ஓடத் தொடங்கினபிறகு ஒருக்கா இறுக்கிப் பாக்கவேணும் எண்டு எனக்கு ஆரும் சொல்லேல்ல.

ரண்டாந்தரம் சந்தைப் பக்கம் தகரக் கொட்டில்ல இருக்கிற ஒரு ஐயாட்டப் போனன். அவர் சைக்கிளைத் தலைகீழாய் நிப்பாட்டி, சில்லைச் சுத்திவிட்டு, பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் இடையில இருக்கிற இடைவெளியைக் காட்டினார். அது கூடிக் குறையிற இடம்தான் நெளிவு. என்ர சில்லில 36 கம்பி. பாதி ஹப்பின்ர இடப்பக்கம், பாதி வலப்பக்கம். ரண்டு பக்கமும் ஒரேயளவாய் இழுத்தாத்தான் றிம் நடுவில நிக்கும். றிம் வலப்பக்கம் தள்ளியிருந்தா, அந்த இடத்தில இடப்பக்கக் கம்பியைக் கால் சுத்து இறுக்கி, வலப்பக்கக் கம்பியைக் கால் சுத்து இளக்கவேணும். பிறகு திரும்பச் சுத்திப் பாக்கவேணும். ஐயா கம்பிகளை விரலால தட்டிச் சத்தம் கேட்டுக் கேட்டுத்தான் வேலை செய்தார். இளகின கம்பி மந்தமாய்ச் சத்தம் போடும்.

முக்கால் மணித்தியாலம் போச்சு. அவர் கேட்ட காசு ரண்டு பேர் கடையில ரீயும் வடையும் சாப்பிடுற காசு. அதுக்கு நான் என்ன செய்தன் தெரியுமே? "ஐயா, கொஞ்சம் குறைக்கேலாதே" எண்டு கேட்டன்.

அவர் கோவிக்கேல்ல. "பிள்ளை, புதுச்சில்லு வித்துப் பூட்டினா எனக்குப் பத்து நிமிசம். லாபமும் கூட. ஒருத்தரும் விலை பேசுறேல்ல" எண்டு மட்டும் சொன்னார்.

இந்தக் கட்டுரை அந்தப் பேச்சால வந்ததுதான். கடைக்காரர் ஏன் எல்லாத்துக்கும் 'மாத்துங்கோ' எண்டு சொல்லுகினம் எண்டு நாங்கள் குறைப்படுறம். ஆனால் பொருளுக்குச் சொன்ன விலையை வாய் திறக்காமல் குடுத்துவிட்டு, ஒரு மனிசன்ர நேரத்துக்கும் கைப்பழக்கத்துக்கும் பேரம் பேசுவது நாங்கள்தான். 2022இல பெற்றோல் வரிசை நீண்டபோது ஊரெல்லாம் திரும்பச் சைக்கிளுக்கு வந்தது. விலையும் ஏறியது. அப்பவும் நாங்கள் தேடினது சைக்கிளைத்தான், சில்லுக் கோணல் எடுக்கத் தெரிந்த ஆளை இல்லை. பொருளாதாரத் தடைக்குள்ள டைனமோ சுத்தி றேடியோ கேட்ட சனம் எண்டு மேடையில பெருமை பேசுறம். அந்தக் கைவேலைக்கு இண்டைக்கு என்ன கூலி குடுக்கிறம்?

எல்லாத்தையும் திருத்தலாம் எண்டு நான் சொல்ல வரேல்ல. நிப்பிள் நிக்கிற ஓட்டையைச் சுத்தி றிம் வெடிச்சிருந்தா அதைத் தொடவேண்டாம். பிறேக் கட்டை உரசி உரசி றிம்மின்ர பக்கம் குழிவாய்த் தேய்ஞ்சிருந்தாலும் அப்பிடித்தான். அலுமினிய றிம் ஒரு இடத்தில மடிஞ்சு போனா, அடிச்சு நிமித்தினாலும் அந்த இடம் பலவீனமாய்த்தான் இருக்கும். முன்சில்லு ஓட்டத்தில உடைஞ்சா விழுறது முகம் குப்புற. காசு மிச்சம் பிடிக்கிற இடம் அதில்லை.

ஆனால் றிம் போனா முழுச்சில்லும் போனதாய் அர்த்தம் இல்லை. என்ர பழைய சில்லில றிம் போயிருக்கலாம், ஹப் நல்லாத்தான் இருந்தது. அதே ஹப்பில புது றிம் போட்டுக் கம்பி கோத்திருக்கலாம். கம்பி ஓட்டைகளின்ர எண்ணிக்கை ஒண்டாய் இருக்கவேணும், கம்பியின்ர நீளமும் புது றிம்முக்குப் பொருந்தவேணும், அவ்வளவுதான். இன்னொண்டு, கடையில போய் "26 இஞ்சி" எண்டு மட்டும் கேக்காதேங்கோ. மவுண்டன் சைக்கிளின்ர 26 எண்டது ரயர் உக்காருற இடத்தில 559 மில்லிமீற்றர். அம்மா ஆக்கள் ஓடுற ஒடுக்கமான ரயர்ச் சைக்கிளில 26 தர 1⅜ எண்டு இருந்தா அது 590. பேர் ஒண்டு, ஒண்டின்ர ரயர் மற்றதில ஏறாது. ரயரின்ர பக்கத்தில 50-559 மாதிரி ஒரு எண் அச்சடிச்சிருக்கும், அதைப் பாத்துக் குறிச்சுக்கொண்டு போங்கோ.

அண்டைக்கு ஐயாவுக்குக் கேட்ட காசைக் குடுத்தன். கூடக் குடுக்கேல்ல, கையில இருக்கேல்ல. பிறகு ரண்டு தரம் போயிருக்கிறன், ஒருக்கா என்ர சைக்கிளோட, ஒருக்கா பச் பிள்ளை ஒருத்தியின்ர பின்சில்லோட. அவளுக்கும் வேற கடையில மாத்தச் சொல்லித்தான் இருந்தவை. கம்பி ரண்டு அறுந்திருந்தது, வேற ஒண்டும் இல்லை. அவள் பேரம் பேச வாய் திறக்க, நான் காலை மிதிச்சன்.

பழைய ஹப்பைக் கேட்டு முதல் கடைக்கும் போகவேணும். இவ்வளவுக்கும் இரும்புக்கு எடைபோட்டிருப்பினம்.