சான்றிதழின் விலையும் பச்சை மின்சாரமும்

டெக்சாஸில் பச்சைத் திட்டம் எடுத்த வீட்டுக்கும் எடுக்காத பக்கத்து வீட்டுக்கும் ஒரே கம்பியில் ஒரே மின்சாரம்தான் வருகிறது. மின்துறையில் இருக்கும் நமக்கு இது பாலபாடம். வாடிக்கையாளரிடம் சொல்லத்தான் தயங்குகிறோம்.

1999இல் இயற்றிய சட்டத்தின்படி அங்கே 2002 ஜனவரியில் சில்லறை மின்விற்பனை திறந்துவிடப்பட்டது. ஆஸ்டின், சான் அன்டோனியோ போன்ற நகராட்சி மின்நிறுவனங்களின் பகுதிகள் இதில் சேரவில்லை. திறந்துவிட்ட இடங்களில் கம்பி ஆன்கோர், சென்டர்பாயின்ட் போன்ற நிறுவனங்களிடம் இருக்கிறது, விற்பவர் வேறு. புதுப்பிக்கத்தக்க மின்சாரம் ஒரு மெகாவாட்-மணி உற்பத்தியானால் ஒரு சான்றிதழ் பிறக்கும். கணக்கு வைப்பது, மாநிலத்தின் பெரும்பகுதிக்கு மின்கட்டத்தை நடத்தும் எர்காட். வாடிக்கையாளர் செலவிட்ட யூனிட்டுகளுக்கு ஈடான சான்றிதழ்களை வாங்கி, மறுபடி விற்க முடியாதபடி கணக்கு முடித்துவிட்டால், விற்பவர் தன் திட்டத்தை 100 சதவீதம் பச்சை என்று சொல்லலாம்.

மாதம் 1,000 யூனிட் செலவிடும் வீட்டுக்கு அந்த மாதத்துக்கு ஒரே ஒரு சான்றிதழ் போதும். 2010களின் பெரும்பகுதியில் டெக்சாஸ் காற்றாலைச் சான்றிதழின் விலை ஒரு டாலரை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருந்தது. அந்தக் காசை நம்பி யாரும் காற்றாலை நட்டிருக்க முடியாது. 2025க்கு வைத்த 10,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திறன் இலக்கை அந்த மாநிலம் ஏறத்தாழ 15 ஆண்டு முன்னதாகவே எட்டியதற்கு மேற்கு டெக்சாஸின் காற்றும் மத்திய அரசின் வரிச்சலுகையும் காரணம். அதன்பின் அந்த மின்சாரத்தைப் பெருநகரங்களுக்குக் கொண்டுவந்தவை சுமார் 700 கோடி டாலரில் போட்ட உயரழுத்தத் தடங்கள். அந்தச் செலவு பச்சைத் திட்டத்தில் சேர்ந்தவர், சேராதவர் என்று பாராமல் எல்லோருடைய கம்பிக் கட்டணத்திலும் ஏறியது. பெருமை மட்டும் திட்டத்தை விற்றவருக்குப் போவது நியாயமாகப் படவில்லை.

இன்னும் கட்டாத சூரிய மின்நிலையத்தோடு 10, 15 ஆண்டுக்குக் கொள்முதல் ஒப்பந்தம் போடும் விற்பனையாளரும் உண்டு. அந்தத் தாளைக் காட்டித்தான் நிலையத்துக்கு வங்கிக் கடன் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு திட்டத்தோடும் கொடுக்க வேண்டிய விவரச்சீட்டில் 500, 1,000, 2,000 யூனிட்டுக்கான விலை, புதுப்பிக்கத்தக்க பங்கின் சதவீதம் போன்றவைதான் இருக்கின்றன. பழைய காற்றாலையின் மலிவுச் சான்றிதழும் இந்தப் புதிய ஒப்பந்தமும் அதில் ஒரே 100தான். ஏப்ரல் நண்பகலில் பிறந்த சான்றிதழ், ஆகஸ்ட் இரவு ஒன்பது மணிக்கு ஓடிய ஏசிக்கும் ஈடாகிவிடுகிறது.

விற்பவர்கள் குறிப்பிட்ட அளவு சான்றிதழ் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாய ஒதுக்கீட்டுக்கு 2023இல் வந்த சட்டம் முடிவு கட்டியது. விருப்பப்பட்டு வாங்குவோருக்கான சான்றிதழ் ஏற்பாடு மட்டும் தொடர்கிறது. இனி இந்தச் சந்தையைத் தாங்கப்போவது வாங்குபவரின் நம்பிக்கைதான். நிலையம் ஓடத் தொடங்கிய ஆண்டு, ஒப்பந்தத்தின் காலம், மின்சாரம் பிறந்த நேரம் ஆகிய மூன்றையும் விற்பனையாளர்கள் சீட்டில் அச்சிட வேண்டும். மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு வரும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.