நர்ஸ் மகளை வெளிநாட்டுக்கு அனுப்புமுன்...



பாகூர் பக்கத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். மகள் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து இரண்டு வருஷமாகத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாளாம். வெளிநாடு போகணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். "பெண் பிள்ளையை அத்தனை தூரம் அனுப்பலாமா? ஏஜென்ட் நாலு லட்சம் கேட்கிறார், நகையை வைத்துக் கொடுக்கலாமா?" என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு என் பதில், தாராளமாக அனுப்பலாம். இரண்டாவது கேள்விக்கு, கூடவே கூடாது. தூரம் நம் பெண்ணை ஒன்றும் செய்யாது. கடன்தான் அவளைக் கட்டிப் போடும்.

எங்கள் வில்லியனூர், பாகூர் சீமைக்குக் கடல் தாண்டுவது ஒன்றும் புதிதில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே இங்கிருந்து ஆண்கள் சைகோனுக்கு உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் போனார்கள். 'சொல்தா' பென்ஷன் வாங்கிய வீடுகளைப் பெரியவர்கள் இன்றும் அடையாளம் காட்டுவார்கள். அன்றைக்கு வீட்டு ஆண் போனான், பெண்கள் காத்திருந்தார்கள். இப்போது அரியூரிலும் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மெடிகல் காலேஜ்கள் வந்துவிட்டன. நெல் அறுத்த வீட்டுப் பெண்கள் வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறுகிறார்கள். அவர்களுக்கு வெளிநாட்டு ஆசை வருவது இயற்கைதானே?

கடன் என்ன செய்யும் என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். 2014 ஜூனில் ஈராக்கின் திக்ரித் நகரம் ஐ.எஸ். தீவிரவாதிகள் கையில் விழுந்தது. அங்குள்ள ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்சுகள் மாட்டிக்கொண்டார்கள். அநேகமாக எல்லாரும் கேரளத்துப் பெண்கள், ஒருத்தி நம் தூத்துக்குடிப் பெண். மொசூலுக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டு, ஜூலை 5-ம் தேதி விமானத்தில் கொச்சி வந்து சேர்ந்தார்கள். நாடே மூச்சு விட்டது. ஆனால் சண்டை நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில் அவர்களில் பலர் உடனே ஊர் திரும்பத் தயங்கினார்கள். ஏன் தெரியுமா? சம்பள பாக்கி வரவில்லை. ஊரில் படிப்புக் கடன் அப்படியே நிற்கிறது. வெறுங்கையோடு போய் எந்த முகத்தோடு அப்பாவைப் பார்ப்பது என்ற பயம்! குண்டு வெடிக்கும் ஊரைக்கூட விட்டு வர முடியாமல் கடன் கையைப் பிடித்து இழுத்தது பாருங்கள்.

மறு வருஷமே இன்னொரு சேதி வந்தது. குவைத்துக்கு நர்ஸ் அனுப்பிய ஒரு ஏஜென்சி, ஆளுக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கியதாக 2015-ல் கொச்சியில் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. வீட்டை அடகு வைத்துக் கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள்!

எங்கள் தெருவில் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னேன். "இன்னாக்கா, எல்லாரும்தான் குடுக்கறாங்க, நாம மட்டும் குடுக்கலன்னா வேலை கெடைக்குமா?" என்றாள். கிடைக்கும் சகோதரிகளே. சட்டப்படி உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். அதையும் ரசீது போட்டுத்தான் வாங்க வேண்டும். உரிமம் உண்டா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

அந்தக் குவைத் விவகாரம் போன்ற மோசடிகளுக்காகத்தான், வளைகுடா நாடுகள் உள்பட 18 நாடுகளுக்குப் போகும் நர்சுகள் எல்லாருக்கும் குடிபெயர்வு அனுமதி கட்டாயம் என்று 2015-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. அரசு நிறுவனங்கள் மூலம் ஆள் எடுக்கும் ஏற்பாடும் வந்தது. கேரளத்தில் நோர்க்கா, ஒடெபெக் என்று இரண்டு இருக்கின்றன. சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து நடக்கிறது. ஏஜென்ட் வீட்டுப் படி ஏறுவதற்கு முன், அங்கே ஒரு நடை போய் விசாரித்து வாருங்கள். "டூரிஸ்ட் விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று எவராவது சொன்னால், அந்த ஆளுக்கு ஒரு வாய் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பணம் மட்டும் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. வளைகுடாவுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவமும், அந்தந்த நாட்டு உரிமத் தேர்வும், சான்றிதழ் சரிபார்ப்பும் வேண்டும். இங்கிலாந்துக்கு முதலில் இங்கிலீஷ் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் எழுதுவதில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். அதன்பின் கம்ப்யூட்டர் தேர்வு, அங்கே போன பிறகு செய்முறைத் தேர்வு. ஜெர்மனிக்கு அவர்கள் பாஷை 'பி-2' நிலை வரை படிக்க வேண்டும். அதற்கே ஒரு வருஷம் போல ஆகும். எங்கள் பக்கத்தில் பலருக்குப் பிரான்சில் சொந்தம் உண்டு. "மாமா வீடு இருக்கிறதே, அங்கேயே நர்ஸாகச் சேர்ந்துவிடலாம்" என்று நினைப்பார்கள். பொதுவாக நம் ஊர்ப் பட்டத்தை வைத்து அங்கே நேரே சேர முடியாது. அவர்கள் நர்சிங் பள்ளியில் மறுபடி படிக்கத்தான் வேண்டும். இன்னொன்று. இங்கிலாந்தில் 'கேர் ஒர்க்கர்' வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22-ம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். அந்த விசா வாங்கித் தருகிறேன் என்று இன்னமும் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை.

முதலில் பெயர். இது எங்கள் புதுச்சேரிக்கே உரிய தலைவலி. பழைய பிரெஞ்சு வழக்கப்படி 'குமார்' என்பதற்கு 'சி ஓ யூ' போட்டு எழுதியிருப்பார்கள். பள்ளிச் சான்றிதழில் 'கே யூ' இருக்கும். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயர், ஆதாரில் புருஷன் பெயர்! வெளிநாட்டுக்காரனுக்கு இவர்கள் எல்லாம் தனித்தனி ஆட்கள். பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல், நர்சிங் கவுன்சில் பதிவு, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே எழுத்தாக இப்போதே திருத்தி வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இந்த ஒரு காரணத்தால் ஆறு மாதம் போயிற்று.

இரண்டாவது, அசல் சான்றிதழ்கள். வேலையில் சேரும்போது "ஒரிஜினலைக் கொடுத்துவிட்டுப் போ" என்று வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. பிறகு விலகும்போது தர மறுப்பார்கள். நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பீரோவில் பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு இடம் வேண்டும்.

மூன்றாவது, உடம்பு. ஹெபடைடிஸ்-பி ஊசி மூன்று தவணை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. கிளம்பும் வாரத்தில் ஓடினால் முடியாது. வளைகுடா மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஆறாத இருமல் இருந்தால் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ரத்த சோகை நம் பெண்களுக்குச் சாதாரணம். பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வேலைக்கு அது ஆகாது. முருங்கைக் கீரையும் கேழ்வரகும் கொடுங்கள், ஹீமோகுளோபினையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

நான்காவது, ஒப்பந்தம். சம்பளம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி, தங்குமிடம் யார் செலவு, லீவுக்கு டிக்கெட் உண்டா, இடையில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்று ஒவ்வொரு வரியும் படிக்கச் சொல்லுங்கள். இங்கே காட்டிய ஒப்பந்தமும் அங்கே கையெழுத்து வாங்குவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நகல் நம் வீட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட் நகலும் அப்படியே. அனுமதி பெற்றுப் போகிறவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்று விபத்துக் காப்பீடு இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான், 10 லட்சம் வரை கிடைக்கும். நாலு லட்சம் கேட்கும் ஏஜென்ட் இதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.

கடைசியாக ஒன்று. இது சில பேருக்குக் கசக்கும். மகள் அனுப்பும் பணத்தில் தம்பிக்கு பைக், அண்ணன் பெயரில் மனை, மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் என்று கரைந்துபோவதை நான் கண்ணால் பார்க்கிறேன். முப்பது வயதில் அவள் திரும்பி வரும்போது அவள் பெயரில் ஒரு கிராம் தங்கம் இல்லை. "அவளுக்கு என்ன குறைச்சல், ஃபாரின்ல இருக்கா" என்கிறார்கள்! அங்கே போய் வேலையில் சேர்ந்ததும் அவள் பெயரிலேயே பேங்கில் என்.ஆர்.இ. கணக்கு தொடங்கச் சொல்லுங்கள். அதில் வரும் வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. வீட்டுக்கு மாதம் இவ்வளவு, படிப்புக் கடனுக்கு இவ்வளவு, அவள் சேமிப்புக்கு இவ்வளவு என்று மூன்று பங்காக முன்னாடியே பேசி முடித்துவிடுங்கள். அப்பா கூச்சப்பட்டால் அம்மா பேசவேண்டும்.

அவள் போன் செய்யும்போது "சாப்பிட்டியா, தூங்கினியா, நைட் டூட்டியா?" என்று முதலில் கேளுங்கள். ராத்திரி டூட்டி முடிந்து பகலில் தூங்குகிறவளை ஊர் வம்பு சொல்ல எழுப்பாதீர்கள். பணம் எப்போது வரும் என்ற கேள்வி கடைசியில் வரட்டும்.

அடுத்த இதழில், பிரசவத்துக்கு வந்த மகளுக்கு பத்தியம் எது, பட்டினி எது என்று பார்ப்போம்.